ஆர்பிஎம்மா, சிசியா? டர்போ இன்ஜின் கட்டுவதற்கு முன் ஒரு வேலூர்க்காரனின் வழிகாட்டி

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் இன்ஜின் பிளாக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரி பக்கம் உள்ள ஒரு போரிங் பட்டறைக்குப் போனேன். எத்தனை மி.மீ. போர் அடிக்கணும் (சிலிண்டர் துளையை அகலப்படுத்தணும்) என்றுதான் பாய் கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இத எங்க ஓட்டப் போற தம்பி?"

"எல்லா எடத்துலயும்தான் பாய்."

"அப்ப ரெண்டு வண்டி வாங்கு" என்றார், பிளாக்கைத் தடவிப் பார்த்தபடியே.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த முறை 1.8 லிட்டரை அப்படியே வைத்து, 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றும்படி கட்டினேன். இரண்டு வருஷம் கழித்து அதே பிளாக்கைத் திரும்பப் பிரித்து, நீள ஸ்ட்ரோக் கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டும் தண்டு) போட்டேன். ஒரே இன்ஜினுக்கு இரண்டு தடவை செலவு. நீங்கள் ஒரே தடவையில் முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணங்களுக்கு ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தின் 1.8 டர்போவை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் பக்கம் கைக்குக் கிடைப்பது அதுதான், எனக்குக் கைப்பழக்கமும் அதில்தான். கணக்கு எந்த டர்போ இன்ஜினுக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு வாரம் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்

எதையும் பிரிக்காதீர்கள். ஒரு ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) வாங்கி, ஃபோனில் இணைத்து, ஒரு வாரம் ஓட்டி ஆர்பிஎம்மைப் பதிவு செய்யுங்கள். கிரீன் சர்க்கிளில் இருந்து காட்பாடி ரயில்வே மேம்பாலம் வரை என் முள் பெரும்பாலும் 3,000ஐத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் போனால் ஐந்தாவது கியரில் 2,500, 3,000. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் 2,500இல் தொடங்கி 5,500 வரை. அவ்வளவுதான். 8,000க்குக் கட்டிய இன்ஜினை, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மூவாயிரத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் கதை வேறு. 3.7 கி.மீ. சுற்று, முள் 4,500க்குக் கீழே இறங்காமல் ஓட்டலாம். உங்கள் வண்டி வருஷத்தில் எத்தனை நாள் அங்கே ஓடும் என்று நேர்மையாக எண்ணுங்கள். இரண்டு நாள் என்றால் அதை இரண்டு என்றே எழுதுங்கள். எல்லோரும் பத்து என்றுதான் எழுதுகிறோம்.

இரண்டாம் படி: காற்றுக் கணக்கு

இன்ஜினின் சக்தி என்பது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை உள்ளே தள்ளி எரிக்கிறது என்பதுதான். அதைக் கூட்ட மூன்று வழி: சிலிண்டரின் கொள்ளளவை (அதுதான் சிசி) கூட்டலாம், சுற்றை (ஆர்பிஎம்மை) கூட்டலாம், பூஸ்ட்டை (வெளியேறும் புகையால் சுழலும் டர்போ, காற்றை உள்ளே தள்ளும் அழுத்தத்தை) கூட்டலாம்.

பழைய 1.8 டர்போவில் போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 86.4 மி.மீ., மொத்தம் 1,781 சிசி. அதே குடும்பத்தின் 2.0 லிட்டர் இன்ஜினில் போர் 82.5, ஸ்ட்ரோக் 92.8, மொத்தம் 1,984 சிசி. இப்போது பெருக்கிப் பாருங்கள். 1,781 சிசி 8,000 ஆர்பிஎம்மில் விழுங்கும் காற்றை 1,984 சிசி ஏறத்தாழ 7,180லேயே விழுங்கிவிடும். பூஸ்ட்டும் ஹெட்டின் (வால்வுகள் உள்ள மேல்பாகத்தின்) மூச்சும் ஒன்றாக இருந்தால் உச்சத்தில் இரண்டும் ஒரே குதிரைத்திறன். பெரிய இன்ஜின் அந்த இடத்துக்கு 820 சுற்று முன்னாலேயே வந்து சேர்கிறது, வரும் வழியெல்லாம் 11 சதவீதம் அதிக டார்க்கோடு (முறுக்குவிசையோடு) வருகிறது. வெளியேறும் புகையும் அதே அளவு அதிகம் என்பதால் டர்போவும் சீக்கிரம் விழிக்கிறது. 1.8இல் 3,800இல் முழு பூஸ்ட் தரும் ஒரு டர்போ, 2.0இல் 3,400 பக்கம் தரும் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சூத்திரத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 300 குதிரை வேண்டும், 7,500இல் வேண்டும் என்றால் 281 நியூட்டன் மீட்டர் போதும். அதே 300ஐ 6,000இல் கேட்டால் 351 வேண்டும். இந்த 70 நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தில்தான் முழு முடிவும் அடங்கியிருக்கிறது. ஏன் என்பது நாலாம் படியில்.

ஹோண்டாவே இந்தக் கேள்விக்கு ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. எஸ்2000இன் முதல் இன்ஜின் 1,997 சிசி, 84 மி.மீ. ஸ்ட்ரோக், 9,000 ரெட்லைன் (சுற்றின் உச்ச வரம்பு). 2004இல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கினார்கள். 2,157 சிசி ஆனது, ரெட்லைன் 8,000க்கு இறங்கியது. குதிரைத்திறன் அதே 240. கூடியது நடுப்பகுதி டார்க் மட்டும். அதில் டர்போ கிடையாது, ஆனாலும் பாடம் ஒன்றுதான். 9,000க்காக அழுதவர்கள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. அந்தச் சத்தத்துக்காக நானும் கொஞ்சம் அழுவேன்.

மூன்றாம் படி: டர்போவின் மூச்சு எங்கே முடிகிறது

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வால்வைத் திறக்கும் கேம் மாற்றினேன், வால்வ் ஸ்பிரிங் மாற்றினேன், ரெட்லைனை 8,000க்கு ஏற்றினேன். டர்போ மட்டும் பழைய அளவுக்கு ஒரு படிதான் பெரிது. சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் சக்தி 6,800 வரை ஏறியது, பிறகு சரிந்தது. கடைசி 1,200 சுற்றில் கிடைத்தது சத்தம் மட்டும். சின்ன டர்பைன் வீட்டுக்குள் புகை நெருக்கியடித்து நின்றது. பின்னழுத்தம் ஏறி, சிலிண்டருக்குள் பழைய புகையே தங்கி, புதுக் காற்று நுழைய இடமில்லாமல் போனது. வெளிக்கதவு அடைத்திருக்கும் கல்யாண மண்டபத்தில் உள்ளே ஆளை விட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான்.

ஒரு பவுண்ட் காற்றுக்கு ஏறத்தாழ 10 குதிரை என்பது டர்போ ஆட்களின் நாட்டுக்கணக்கு. 300 குதிரைக்கு நிமிடத்துக்கு 30 பவுண்ட், அதாவது 13.6 கிலோ காற்று. வாங்கப்போகும் டர்போவின் கம்ப்ரஸர் மேப்பில் (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றைத் திறமையாகத் தள்ளும் என்று காட்டும் வரைபடத்தில்) அந்த 30 பவுண்ட் நல்ல செயல்திறன் வட்டத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். வலது ஓரத்தில் விழுந்தால், சிசியைக் கூட்டினாலும் சுற்றைக் கூட்டினாலும் உச்ச சக்தி கூடாது. சிசியைக் கூட்டினால் அதே உச்சம் கீழ் ஆர்பிஎம்முக்கு நகரும், அவ்வளவுதான். சாலை வண்டிக்கு அந்த நகர்வே லாபம். சுற்றைக் கூட்டினால் அந்த லாபமும் இல்லை.

ஃபார்முலா ஒன்னிலும் இதே கதைதான். 2014இல் வந்த 1.6 லிட்டர் டர்போ விதி 15,000 ஆர்பிஎம் வரை அனுமதித்தது. ஆனால் எரிபொருள் ஓட்டத்தை 10,500க்கு மேல் மணிக்கு 100 கிலோ என்று கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் சுற்றினாலும் எரிக்கக் கூடுதல் பெட்ரோல் கிடையாது, உராய்வுதான் கூடும். 15,000 பக்கம் யாரும் போகவில்லை. உங்கள் வண்டியில் அந்தக் கட்டு டர்போவோ, ஹெட்டோ, இன்ஜெக்டரோ ஆக இருக்கும். அது எது என்று தெரியாமல் கிராங்க் வாங்காதீர்கள்.

நாலாம் படி: எது முதலில் உடையும்

டார்க் கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டை) வளைக்கும். ஆர்பிஎம் ராட் போல்ட்டை இழுக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழ் ஆர்பிஎம்மில் பெரிய பூஸ்ட் வரும்போது எரிதலின் அழுத்தம் முழுவதும் ராடை மேலிருந்து அமுக்குகிறது. கம்பெனி ராட் வளைவது அப்போதுதான். அதிகச் சுற்றில் பிரச்சினை தலைகீழ். பிஸ்டன் மேல் முனைக்குப் போய் நின்று திரும்பும் அந்த நொடியில், ராடும் போல்ட்டும் சேர்ந்து அதைக் கீழே இழுக்க வேண்டும். அந்த இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏறும். 6,500இல் இருந்து 8,000க்குப் போனால் சுற்று 23 சதவீதம்தான் கூடுகிறது, இழுவிசையோ 51 சதவீதம். நீள ஸ்ட்ரோக்கும் இழுவிசையைக் கூட்டும், ஆனால் நேர் விகிதத்தில்தான். 92.8 ஸ்ட்ரோக்கை 7,180இல் நிறுத்தினால், 86.4ஐ 8,000 வரை சுற்றுவதைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்த இழுவிசை.

சராசரி பிஸ்டன் வேகத்தையும் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரோக்கை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, ஆர்பிஎம்மால் பெருக்கி, 60ஆல் வகுக்க வேண்டும். 86.4க்கு 8,000இல் நொடிக்கு 23 மீட்டர். 92.8க்கு 7,180இல் 22.2. அதே 92.8ஐ ஆசைப்பட்டு 8,000க்கு ஓட்டினால் 24.7. மேலே சொன்ன எஸ்2000 தொழிற்சாலையிலிருந்தே 25ஐத் தொட்ட வண்டி, ஆனால் அதன் ஒவ்வொரு உதிரியும் அதற்கென்றே செய்தது. பட்டறையில் கட்டும் இன்ஜினை 23க்குள் வைத்திருப்பது என் பழக்கம்.

என் முதல் கட்டுமானத்தில் ஹெட் வேலை செய்த ஒரு பட்டறை, ராடைக் கழற்றி மாட்டும்போது பழைய ராட் போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தது. ஒரு தடவை இறுக்கி நீண்ட போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. பாய் அதைத் தற்செயலாகப் பார்த்ததால் பிளாக்கில் ஓட்டை விழாமல் தப்பித்தேன். போல்ட்டுக்கு ரசீது கேளுங்கள், நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். 300 குதிரைக்கு 281 போதுமா, 351 வேண்டுமா என்று முன்னால் கேட்டோமே, அதன் பதில் இங்கே இருக்கிறது. பின்னால் வந்த 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டி (தானியங்கி கியர்பாக்ஸ்) 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. கம்பெனி மேப்பிலேயே (இன்ஜின் கணினியில் எழுதிய அமைப்பிலேயே) அந்த எல்லையில் நிற்கிறது. அதன் மேல் நீள ஸ்ட்ரோக் கிராங்க் வைத்து 350 கொடுப்பது கொலை. பெட்டி பலவீனம், மாற்றப் பணம் இல்லை, ஆனாலும் சக்தி வேண்டும் என்றால், டார்க்கைக் கட்டிவைத்து மேல் சுற்றில் சக்தி எடுப்பது நியாயமான வழி. அதிகச் சுற்றுக் கட்டுமானத்துக்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் இதுதான். பெட்டியும் கிளட்ச்சும் தாங்கும் என்றால் அந்த வாதம் போய்விடும்.

கியர் விகிதத்தையும் கையோடு பாருங்கள். இரண்டாவது 2.1, மூன்றாவது 1.36 என்று வைத்துக்கொண்டால், 8,000இல் மாற்றினால் முள் 5,180க்கு விழும். 7,000இல் மாற்றினால் 4,530க்கு. விழும் இடத்தில் பூஸ்ட் முழுதாகக் காத்திருக்க வேண்டும். பெரிய டர்போவைச் சின்ன இன்ஜினில் மாட்டியவர்கள் சுற்றைக் கூட்டியே ஆக வேண்டியிருப்பது இதனால்தான்.

ஐந்தாம் படி: நம் ஊர் வெயிலும் பங்க் பெட்ரோலும்

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். சாமி 1981இலேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மரம் இன்னும் வரவில்லை. சித்திரை வைகாசியில் சுற்றியுள்ள பாறை மலைகள் அடுப்புக்கல் மாதிரி சூடேறிக் கிடக்கும், நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்.

40 டிகிரி காற்றை 1.2 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், 70 சதவீத செயல்திறனுள்ள கம்ப்ரஸரில் அது ஏறத்தாழ 150 டிகிரியாக வெளியே வரும். இன்டர்கூலர் அதை எவ்வளவு இறக்கினாலும் வெளிக்காற்றான 40க்குக் கீழே போகாது. இங்கேதான் சிசி கைகொடுக்கிறது. 1,984 சிசியில் 1 பார் பூஸ்ட்டில் கிடைக்கும் டார்க்கை 1,781இல் எடுக்க 1.23 பார் வேண்டும். அந்த 0.23 பாரின் சூடும், அது இழுத்துவரும் நாக்கிங்கும் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவதும்) உங்களுக்கு இல்லாமல் போகும். வெளிநாட்டுக் குளிரில் எழுதிய மேப்பை அப்படியே ஏற்றிக்கொண்டு மே மாதம் வாலாஜா டோலுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே மிதித்துப் பாருங்கள், இன்ஜின் கணினி தீப்பொறியின் டைமிங்கைப் பின்னால் இழுப்பது காலிலேயே தெரியும்.

எதிர்வாதமும் உண்டு, மறைக்கக் கூடாது. அதிகச் சுற்றில் எரிதலுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் நாக்கிங்குக்கும் நேரம் குறைவு. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டிஎஸ்ஐ இன்ஜின்களில் 2,000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் கொடுத்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. எனவே சிசி கூட்டினாலும் 3,000க்குக் கீழே பூஸ்ட்டை அடக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), 95 ஆக்டேன். எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும், ஆனால் அளவில் அதிகம் கேட்கும். தூய பெட்ரோலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். 300 குதிரைக்கு நாலு சிலிண்டரில் கணக்குப் போட்டால் இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 600 சிசி பக்கம் வரும், 630 வாங்கினால் கொஞ்சம் இடம் இருக்கும். 100 ஆக்டேன் பெட்ரோல் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை, குடியாத்தத்தில் இரவு பத்து மணிக்கு அதைத் தேடி அலைய முடியாது. நீங்கள் வழக்கமாக நிரப்பும் பங்க் பெட்ரோலுக்கே மேப் எழுதச் சொல்லுங்கள். பழைய வண்டி என்றால் ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: பட்டியல் போடுங்கள், பிறகு முடிவெடுங்கள்

அதிகச் சுற்றுக்குப் போனால் வாங்க வேண்டியவை: ஃபோர்ஜ்டு ராட், நல்ல ராட் போல்ட், கேம், கடின வால்வ் ஸ்பிரிங், ரீடெய்னர், பெரிய டர்போ, துல்லியமான பேலன்ஸ், எண்ணெய்த் தொட்டிக்குத் தடுப்புத் தகடு. செலவில் பாதி ஹெட்டுக்கே போகும். ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் உதிரி) உள்ள ஹெட் என்றால் மேல் சுற்றில் லிஃப்டர் ஊதிக்கொண்டு வால்வ் மூடாமல் நிற்கும் தொல்லையும் உண்டு.

சிசிக்குப் போனால்: கிராங்க், ராட், அந்த ஸ்ட்ரோக்குக்கென்றே செய்த பிஸ்டன். ஸ்ட்ரோக் 6.4 மி.மீ. நீள்வதால் பிஸ்டன் மேல் முனையில் 3.2 மி.மீ. கூடுதலாக ஏறும். அதனால் அதே நீள ராடுக்கு, பின் துளை 3.2 மி.மீ. மேலே உள்ள பிஸ்டன் வேண்டும். பழைய பிஸ்டனைப் போட்டால் ஹெட்டில் போய் முட்டும். கம்ப்ரஷன் விகிதத்தையும் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள், சிசி கூடினால் அதுவும் ஏறும். 144 மி.மீ. ராடில் ராட்-ஸ்ட்ரோக் விகிதம் 1.67இல் இருந்து 1.55க்கு இறங்கும், சிலிண்டர் சுவரில் பக்க உரசல் கூடும். அதற்காகப் பயப்படத் தேவையில்லை, 8,000க்குச் சுற்றாமல் இருந்தால் போதும்.

என் தீர்ப்பு இதுதான். ராடுக்காக எப்படியும் கீழ்ப்பகுதியைப் பிரிக்கிறீர்கள், கியர்பாக்ஸ் தாங்கும், வண்டி பெரும்பாலும் வேலூர் சாலையில்தான் ஓடும் என்றால் சிசி. கியர்பாக்ஸ் பலவீனம், அல்லது வண்டி தடத்துக்கு மட்டும் என்றால் சுற்று. 2.0 டிஎஸ்ஐ கையில் வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனியே 92.8 ஸ்ட்ரோக் கொடுத்திருக்கிறது, அவர்கள் டர்போவை மட்டும் யோசித்தால் போதும். பிளாக்கைப் பிரிக்கப் பணமில்லை என்றால் இரண்டும் வேண்டாம். இன்டர்கூலரும் நல்ல மேப்பும் போட்டுவிட்டு மிச்சப் பணத்தில் டயர் வாங்குங்கள்.

ஏழாம் படி: ஆர்டிஓ

சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆர்சியில் எழுதியிருக்கும் சிசியும் உள்ளே இருக்கும் சிசியும் வேறு என்றால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். பொதுச் சாலையில் ஓட்டும் வண்டி என்றால் கிராங்க் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். தடத்துக்கு மட்டும் என்றால் டிரெய்லரில் ஏற்றிப் போங்கள்.

எட்டாம் படி: கட்டுதல், பழக்குதல்

போர் அடிக்கும்போது டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் எப்படிக் கோணுமோ அப்படிக் கோணவைத்துத் தேய்ப்பதற்குத்தான் அது. பிளேட் இல்லை என்று சொல்லும் பட்டறையில் பிளாக்கை இறக்காதீர்கள். ராட் பேரிங் இடைவெளிக்குத் தோராய விதி, ஜர்னல் (பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.001 மி.மீ.; 48 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 பக்கம். 2618 என்ற அலுமினியக் கலவையில் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதனால் அதிக இடைவெளி விடுவார்கள், காலையில் தட்டல் சத்தம் கேட்கும். 4032 என்ற கலவை அமைதியானது, ஆனால் அடியைத் தாங்குவதில் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் மார்கழி விடியலைத் தவிர மற்ற நாளில் அந்தத் தட்டல் சீக்கிரமே அடங்கிவிடும், 2618ஐயே போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். பிறகு சாதாரண மினரல் எண்ணெயில் ஓட்டம். பிஸ்டன் ரிங் சிலிண்டரில் பதிய மிதமான பாரம் வேண்டும், நின்ற இடத்தில் ஐடிலில் விட்டால் பதியாது. நான் காட்பாடியில் இருந்து குடியாத்தம் வரை அதிகாலையில், மூன்றாவது கியரில், 2,500க்கும் 4,500க்கும் நடுவே ஏற்றியும் இறக்கியும், பூஸ்ட்டை அரை பாரில் நிறுத்தி ஓட்டினேன். 50 கி.மீ.யில் முதல் எண்ணெய் மாற்றம், 500இல் இரண்டாவது.

ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடிகட்டியை அறுத்துக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அது ரிங் தேய்ந்த தூள். இரண்டாவது தடவையும் மினுக்கினாலோ, செம்பு நிறம் தெரிந்தாலோ, பேரிங்கைத் திறந்து பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். என் இரண்டாவது கட்டுமானத்தின் காகிதத்தைப் பாயிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா கீது, இப்ப டியூனர்கிட்ட போ" என்றார். அதற்குப் பிறகுதான் பூஸ்ட் 1 பாருக்குப் போனது.